புதுமொழிப் பள்ளியில் புகும் பிள்ளைகள்

(பங்கின் பொன்விழாவையொட்டி, பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் பேச வருகிறவர்கள் பழைய நாட்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். ஓலைக் கொட்டகையில் பூசை நடந்த காலத்தையும், ஞாயிறுதோறும் செங்கல் சுமந்து கோயில் கட்டிய கதையையும் எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். எங்களுக்குத் தந்திருக்கிற நேரத்தில் கோயிலுக்குப் பின்புறத் தெருக்களில் இன்று குடியிருக்கும் சில பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். ‘நாங்கள்’ என்றால், பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிலர், பங்கின் தாய்மார் சிலர், கல்லூரியில் படிக்கும் இரண்டொரு பிள்ளைகள், அவ்வளவே. மாலை ஐந்தரை மணி முதல் ஏழு மணி வரை கோயில் மண்டபத்தில் பாய் விரித்து உட்காருகிறோம். வருகிற பிள்ளைகளின் வீட்டு மொழி தமிழ் அன்று. பள்ளிக்கூட மொழியோ தமிழ். இந்த இரண்டுக்கும் நடுவே அவர்கள் படுகிற பாடுதான் எங்கள் பேச்சு.

நம் வட்டாரம் வந்தவர்களால் ஆன வட்டாரம் என்பது யாவரும் அறிந்ததே. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தோன்றியது. திருநெல்வேலியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று இந்தப் பங்கு. அன்று வந்தவர்களுக்கு வீடு இல்லை, தண்ணீர் இல்லை, பேருந்து இல்லை. ஆனால் மொழி இருந்தது. பிள்ளையைப் பள்ளியில் விட்டால் வாத்தியார் சொன்னது அதற்குப் புரிந்தது. வேறு மாநிலத்திலிருந்து ஆவடிக்கு மாற்றலாகி வந்த மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயங்கள் இருந்தன. ஊர் மாறினாலும் பாடமும் பாட மொழியும் மாறக்கூடாது என்பதற்காகவே 1963 முதல் அந்தப் பள்ளிகள் நாடெங்கும் ஏற்பட்டன. அது நல்ல ஏற்பாடு. மாற்றல் உத்தரவோடு வருகிறவரின் பிள்ளைக்கு இந்த நாடு அவ்வளவு யோசித்தது. உத்தரவு ஏதுமில்லாமல், ஒரு மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பி வருகிறவரின் பிள்ளைக்கு அப்படி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்படி வருகிறவர்கள் இரண்டு வகை. அத்திப்பட்டு, பட்டரவாக்கம் பக்கத்து வரிசை வீடுகளில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் மாநிலத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. தகப்பன் தொழிற்பேட்டையில் லேத்துக்கோ பிரஸ்ஸுக்கோ போகிறான்; தாய் பாக்கெட் போடும் வேலைக்குப் போகிறாள். இவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்குகிறவர்கள். பூந்தமல்லி தாண்டித் திருமழிசை, வெள்ளவேடு பக்கம் போனால் செங்கல் சூளைகள். நம் ஊர்ப் பேச்சில் ‘சேம்பர்’. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். புது அரிசி உண்ணும் நுவாக்காய்த் திருநாள் முடிந்து அடுத்த சில மாதங்களில் புறப்பட்டு, சூளை எரியும் காலமெல்லாம் இங்கே இருந்து, மழைக்கு முன் ஊர் திரும்புவார்கள். அதாவது நம் பள்ளிக்கூட ஆண்டின் நடுவில் வந்து, ஆண்டு தொடங்குமுன் போய்விடுவார்கள். இந்த இரு வகைப் பிள்ளைகளுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதைப் பிறகு சொல்கிறோம்.

‘இது அவர்கள் கஷ்டம், நமக்கென்ன?’ என்று இங்கே யாரும் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். மகனோ மகளோ பிராங்க்பர்ட்டிலும் டொரண்டோவிலும் மெல்பர்னிலும் இருக்கிற வீடுகள் நம் பங்கில் எத்தனை! பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் போய்வந்த பாட்டிமார் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ‘பிள்ளை பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லையாம், டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்களாம்’ என்று மகள் போனில் அழுததைக் கேட்டு ஜெபமாலை சொன்னவர்கள் அவர்கள். அதே அழுகைதான் பட்டரவாக்கத்தில் இந்தியிலும் ஒடியத்திலும் நடக்கிறது. வேற்றுமை ஒன்றுதான். பிராங்க்பர்ட் இருக்கும் ஹெஸ்ஸே மாநிலத்தில், ஜெர்மன் மொழி போதாத பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் சேருமுன்னரே மொழி கற்பிக்கும் முன்வகுப்புகளை 2002 முதல் நடத்துகிறார்கள். இங்கே அந்தப் பிள்ளை முதல் நாளே ‘அணில், ஆடு, இலை’ முன்னால் போய் உட்காருகிறது.

உட்கார்ந்து என்ன செய்கிறது? பேசாமல் இருக்கிறது. இந்த மௌனத்தைப் பற்றித்தான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தோம். புது மொழிக்குள் விடப்பட்ட சிறு பிள்ளைகளில் பலர் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மொழி கற்பித்தலை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். இது நோயன்று, பிடிவாதமன்று, மந்த புத்தியுமன்று. கைக்குழந்தை ஓராண்டு கேட்டுவிட்டுத்தான் ‘அம்மா’ என்கிறது. அதற்கு நாம் அவகாசம் கொடுக்கிறோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த அவகாசத்தைக் கொடுக்க மறுக்கிறோம்.

பலாங்கீர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. ஒன்பது வயது இருக்கும். மண்டபத்துக்கு வந்து ஐந்து வாரம் தூணில் சாய்ந்து உட்கார்ந்ததோடு சரி. பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். பள்ளியில் ‘கணக்கு சுத்தமாக வராது’ என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள் எங்களில் ஒருவர் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்துவிட்டு, எதுவும் கேட்காமல் எழுந்து போய்விட்டார். சிறிது நேரத்தில் அவள் அவற்றை வேறு விதமாக அடுக்கியிருந்தாள்: சூளையில் பச்சைக் கல்லை அடுக்குவதுபோல் வரிசை, வரிசைமேல் வரிசை. விரலால் ஒரு வரிசையைத் தொட்டு, எத்தனை வரிசை என்று பார்த்து, தன் மொழியில் மொத்தத்தைச் சொன்னாள். சரியாக இருந்தது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு கூலி என்று கணக்குத் தீர்க்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பெருக்கலைச் சொல்லித்தரத் தேவையே இல்லை. அவளுக்கு வராதது கணக்கன்று, கணக்குக்கு மேலே எழுதியிருந்த ‘பெருக்குக’ என்ற சொல். வீடு பெருக்குவதை மட்டும் யாரோ அவளுக்குக் காட்டியிருந்தார்கள்!

ஆதலால் ஆசிரியப் பெருமக்களுக்கு எங்கள் முதல் விண்ணப்பம் இது. புதிதாக வந்த பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதை அதன் சொந்த மொழியில் சோதித்துப் பாருங்கள். உங்களுக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊரில் படித்த நோட்டு இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். அதன் மொழியில் ஒரு பக்கம் எழுதச் சொல்லி, எவ்வளவு வேகமாக எழுதுகிறது என்று பாருங்கள். ஒரு மொழியில் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ‘படிப்பது’ என்பதை மறுபடி கற்பிக்க வேண்டாம். எழுத்து வடிவத்தைக் கற்பித்தால் போதும். எந்த மொழியிலும் எழுத்தறியாமல் வந்த பிள்ளைக்குத்தான் அடியிலிருந்து தொடங்கவேண்டும். இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்காரவைத்து ‘அ’ எழுதச் சொல்வது, காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போன்றது.

அடுத்தது, எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்பது. தமிழ் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காகப் பத்து வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைக்கிற வழக்கத்தை நாங்கள் கண்டிருக்கிறோம். அவன் முழங்கால் பெஞ்சில் இடிக்கிறது. சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆறு வாரத்தில் நின்றுவிடுகிறான். நின்றவன் எங்கே போகிறான் என்பது உங்களுக்குத் தெரியும். டீக்கடைக்கு, பட்டறைக்கு, சூளையில் கல் திருப்ப. பெண் பிள்ளையென்றால் தங்கையைத் தூக்கிக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறாள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. அதன் நான்காம் பிரிவு, பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ, நடு ஆண்டில் வந்தாய் என்றோ திருப்பி அனுப்பக்கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் தெரிந்த ஒருவர் கூடப் போனால் கதவு எளிதில் திறக்கிறது. தனியாகப் போகும் தாய்க்கு, தமிழும் தெரியாமல், ‘நாளைக்கு வா’ என்பதே பதிலாகிறது.

பள்ளியில் சேர்த்தாயிற்று. இப்போது வீட்டுக்கு வருவோம். நல்லெண்ணத்தோடு நம்மவர் சொல்கிற ஒரு யோசனை உண்டு: ‘இனிமேல் வீட்டிலும் தமிழே பேசுங்கள், அப்போதுதான் பிள்ளைக்கு வரும்.’ இதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்தத் தாய்க்குத் தெரிந்த தமிழ் நாற்பது சொல். அந்த நாற்பது சொல்லைக்கொண்டு அவள் பிள்ளைக்குக் கதை சொல்ல முடியுமா? காய்ச்சல் வந்தால் எங்கே வலிக்கிறது என்று விசாரிக்க முடியுமா? நல்லது கெட்டது எடுத்துச் சொல்லமுடியுமா? வீட்டு மொழி வாயடைத்துப் போனால் பிள்ளைக்குப் புது மொழியும் வராமல் பழைய மொழியும் இல்லாமல் போகும். பிள்ளையின் தாய்மொழியே கற்பித்தலுக்குச் சிறந்த வாயில் என்று யுனெஸ்கோ 1953-இலேயே அறிக்கை வெளியிட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யவேண்டும் என்று நம் அரசியலமைப்பில் 350-அ பிரிவு 1956-இல் சேர்க்கப்பட்டது. 1983 கலவரத்துக்குப் பின் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நார்வேக்கும் போன ஈழத் தமிழர்கள், வாரமெல்லாம் பிள்ளையை அந்நாட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சனி ஞாயிறுகளில் தமிழ்ப் பாடசாலை வைத்தார்கள். அப்படிப் படித்த பிள்ளைகள் அந்நாட்டு மொழியிலேயே பல்கலைக்கழகம் வரை சென்றிருக்கிறார்கள். அதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். நம் தெருவிலே ஒரு தாய் தன் பிள்ளையிடம் ஒடியத்தில் பேசினால் மட்டும் நமக்கு ஏன் முகம் சுளிக்கிறது?

வீட்டில் அவர்கள் மொழி, பள்ளியிலும் தெருவிலும் நம் மொழி. இந்த ஏற்பாட்டில் தமிழ் தானாக வந்துவிடும். தெருத் தமிழ் சீக்கிரமே வந்துவிடும். அங்கேதான் ஓர் ஏமாற்றமும் காத்திருக்கிறது. ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா நாட்டுக் கல்வியாளர், குடியேறிய பிள்ளைகளைக் கவனித்து, விளையாட்டுக்கும் பேச்சுக்குமான மொழி ஏறக்குறைய இரண்டாண்டில் கைவந்துவிடுகிறது, ஆனால் பாடப்புத்தக மொழியில் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டு பிடிக்கிறது என்று எடுத்துக்காட்டினார். நம் ஊரில் இது நூற்றுக்கு நூறு பொருந்தும். இரண்டாம் ஆண்டில் அந்தப் பையன் கிரிக்கெட் ஆடும்போது ‘அவுட்டு இல்லடா, டேய்’ என்று நம் பிள்ளைகளைவிட உரக்கச் சண்டை போடுகிறான். உடனே ‘தமிழ்தான் நன்றாகப் பேசுகிறானே, படிப்புதான் ஏறவில்லை’ என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. படிப்பு ஏறாமலில்லை, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏணியின் நடுப்படியில் நிற்பவனைப் பார்த்து ‘நீ ஏறவில்லை’ என்கிறோம்.

தமிழில் இது மேலும் கடினம். ஏனெனில் நாம் பேசுகிற தமிழ் ஒன்று, எழுதுகிற தமிழ் மற்றொன்று. தெருவில் ‘வாங்க, உக்காருங்க’. புத்தகத்தில் ‘வாருங்கள், உட்காருங்கள்’. நம் பிள்ளைகள் பேச்சு வழக்கை மடியிலேயே கற்றுவிடுவதால் இரண்டாவதை எட்டிப்பிடிக்கிறார்கள். வெளியூர்ப் பிள்ளைக்கு இரண்டும் புதிது. எனவே நாங்கள் முதல் மூன்று மாதம் புத்தகத் தமிழைத் தொடுவதே இல்லை. பிள்ளைக்கு முதலில் வேண்டியது அவசரச் சொற்கள்: ‘தண்ணி வேணும்’, ‘ஒண்ணுக்குப் போகணும்’, ‘வயிறு வலிக்குது’, ‘எனக்குப் புரியல’, ‘மறுபடி சொல்லுங்க’, ‘அவன் அடிச்சான்’, ‘போதும்’. இந்த ஏழும் வந்துவிட்டால் பள்ளிக்கூட பயத்தில் பாதி போய்விடும். ஒன்றுக்குப் போகக் கேட்கத் தெரியாமல் வகுப்பிலே நனைத்துக்கொண்டு, வெட்கத்தில் மறுநாள் முதல் வராமல் நின்ற பிள்ளைகள் உண்டு. ‘வாருங்கள்’ பிறகு வரட்டும்.

எழுத்தில் அவர்கள் தடுமாறும் இடங்களைத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. தெரிந்தால் கோபம் வராது. இந்தி படித்த பிள்ளைக்கு நம் ‘க’ ஒரு புதிர். அங்கே வல்லோசைக்கு ஓர் எழுத்து, மெல்லோசைக்கு ஓர் எழுத்து, மூச்சுவிட்டுச் சொல்வதற்கு வேறு இரண்டு. இங்கே ‘காகம்’ என்ற ஒரே சொல்லில் முதல் க ஒரு மாதிரி, இரண்டாவது வேறு மாதிரி. ‘தங்கம்’ என்றால் இன்னொரு மாதிரி. எழுத்து மட்டும் ஒன்றே. அடுத்து, எகரமும் ஏகாரமும். இந்தியிலும் ஒடியத்திலும் இந்தக் குறில் நெடில் வேற்றுமை எழுத்தில் இல்லை. ‘கொடு’ என்று பென்சிலுக்குக் கை நீட்டினால் பிள்ளை நோட்டில் கோடு போடுகிறது!

இந்த இடத்தில் நமக்கு ஓர் உறவுக்காரர் நினைவுக்கு வருகிறார். 1680-இல் இத்தாலியில் பிறந்து, முப்பதாம் வயதை ஒட்டித் தமிழகம் வந்து, நம் மொழியை அடியிலிருந்து கற்ற பெஸ்கி அடிகளார், நம் வீரமாமுனிவர். ஓலைச்சுவடியில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவம் ஒன்றே. குறிலுக்கு மேலே புள்ளி வைக்கவேண்டும். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வைப்பதில்லை. தமிழில் பிறந்தவர்களுக்கு அது தொல்லையாகப் படவில்லை. வெளியிலிருந்து வந்து கற்றவருக்குத்தான் உறுத்தியது. ‘ஏ’க்குக் கால் இழுத்ததும், ‘ஓ’வுக்குச் சுழி போட்டதும், கொம்பை இரட்டைச் சுழியாக்கியதும் அவர் செய்த சீர்திருத்தம் என்றே பள்ளியில் படித்திருக்கிறோம். இன்று நாம் எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் அந்நிய மாணவர் ஒருவரின் தடுமாற்றத்தால் கிடைத்த நன்மை இருக்கிறது. ‘இவனுக்கு எ, ஏ கூட வித்தியாசம் தெரியவில்லை’ என்று ஒரு பிள்ளையை நொந்துகொள்ளும்போது அவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

ழகரத்தைப் பற்றி ஒரு சொல். ஒடியப் பிள்ளைக்கு ‘ள’ எளிதில் வரும். அவர்கள் மொழியிலும் அந்த ஒலி உண்டு. ‘ழ’ யாருக்கும் உடனே வராது. அதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம். ‘வாயப்பயம்’ இல்லாத வீடு நம் அம்பத்தூரில் எத்தனை?

எண்ணில் மட்டும் தமிழ் அவர்களிடம் மிகவும் கருணையோடு நடந்துகொள்கிறது. இந்தியில் நூறு வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே மனனம் செய்யவேண்டும். தமிழில் பத்து வரை, பிறகு பத்துகளின் பெயர், அவ்வளவே. இருபதோடு ஒன்று இருபத்தொன்று. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய மூன்றுதான் காலை வாரும். எனவே எங்கள் மண்டபத்தில் எந்தப் பிள்ளையும் முதலில் வெற்றி பெறுவது எண்களில்தான். அதை வேண்டுமென்றே முதலில் வைத்திருக்கிறோம். பிராங்க்பர்ட் பாட்டி ஒருவர் சொன்னார்: ஜெர்மனில் ‘ஒன்றும் இருபதும்’ என்று தலைகீழாகச் சொல்வதால், பேரன் 21-ஐ 12 என்று எழுதிவிட்டு வந்தானாம். அங்கே அவனுக்கு இடறிய கல் இங்கே இவர்களுக்கு இல்லை.

பெற்றோரைப் பற்றியும் சொல்லவேண்டும். சேர்க்கைப் படிவத்தில் ‘இனிஷியல் என்ன?’ என்று கேட்கிறார்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு, இனிஷியல் கிடையாது. அந்தத் தாய் விழிக்கிறாள். எழுதுகிறவர் ஏதோ ஓர் எழுத்தைப் போட்டுவிடுகிறார். பிள்ளையின் ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர். இந்தத் தமாஷ் பத்தாம் வகுப்பில் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போது அழுகையாகிறது. ஊர்ச் சான்றிதழில் உள்ளது எப்படியோ அப்படியே எழுதுங்கள் என்று முதல் நாளே சொல்ல ஒருவர் கூட இருந்தால் போதும். பிள்ளை கொஞ்சம் தமிழ் கற்றதும் வேறொரு தொல்லை தொடங்குகிறது. ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்காரரிடம் பேசவும் துபாஷியாக அதையே இழுத்துக்கொண்டு போகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி போகிறது. இதைத் தாய்தகப்பனிடம் நாங்கள் கண்டிப்பாகவே சொல்கிறோம். கண்டிப்பதோடு, துபாஷி வேலைக்கு நம் இளைஞர்கள் இரண்டு பேரின் போன் எண்ணையும் கொடுத்திருக்கிறோம். ஒன்றைப் பிடுங்கினால் ஒன்றைக் கொடுக்கத்தானே வேண்டும்.

பள்ளிக்குள் பிள்ளையைப் பிடித்துவைப்பது முதலில் சோறு, பிறகு சிநேகிதம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கி அடுத்த ஆண்டு எங்கும் விரிந்த காலை உணவும், நெடுங்காலமாக இருக்கிற சத்துணவும் எங்களைவிடப் பெரிய ஆசிரியர்கள். பீகார்ப் பிள்ளை சாம்பாரைப் பார்த்துச் சில நாள் தயங்கும். முட்டைக்கு மொழி தேவையில்லை. சிநேகிதத்துக்கு எங்கள் அனுபவத்தில் ஒரு வழி: புதுப் பிள்ளையின் பக்கத்தில் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையை உட்காரவைக்காதீர்கள், வாயாடிப் பிள்ளையை உட்காரவையுங்கள். நாள் முழுவதும் பேச்சு காதில் விழும். நம் பிள்ளைகள் தெருவில் ‘இந்திக்காரன்’, ‘வடக்கன்’ என்று கூப்பிடுவதை வீட்டிலேயே நிறுத்துவது பெற்றோரின் வேலை. அந்தப் பிள்ளைக்குப் பெயர் இருக்கிறது.

ஞாயிறு பூசையில் பின்வரிசையில் நிற்கும் ஜார்க்கண்ட் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களை எல்லாரும் இந்திக்காரர் என்றே நினைக்கிறோம். அவர்களில் ஒராவன் மக்களின் முன்னோர் மொழி குருக். அது இந்தியின் கிளையன்று. தமிழைப்போல் திராவிட மொழி. அதில் ‘நீன்’ என்றால் நீ. கண்ணுக்குரிய சொல்லும் நம் கண்ணின் உடன்பிறப்பே. ‘ஏன்’ என்றால் நான். ‘இதை யார் எழுதியது?’ என்று கேட்டால், அந்த மொழி பேசும் பிள்ளை அடக்கமாக ‘ஏன்’ என்று சொல்லும். நம் காதில் அது எதிர்த்துப் பேசுவதாக விழும். நம் தூரத்துச் சொந்தத்தை நாமே அதட்டிவிடாமல் இருக்க இதைச் சொன்னோம்.

சூளைப் பிள்ளைகளுக்கு வைத்தியம் வேறு என்றோமே. அம்பத்தூரில் தங்கிவிடுகிற பிள்ளைக்குத் தமிழ் தவிர்க்கமுடியாதது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்குள்ள பள்ளிகளில் தமிழ் ஒரு கட்டாயப் பாடம். பத்தாம் வகுப்பு வரை அது கூடவே வரும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மழைக்கு முன் ஊர் திரும்புகிற பிள்ளைக்கோ, ஒடியம் விட்டுப்போகாமல் இருப்பதுதான் உயிர். ஐந்தாறு மாதம் இங்கே எழுத்தே தொடாமல் இருந்துவிட்டு அங்கே போனால் இரண்டு இடத்திலும் பின்தங்கிவிடும். இதை உணர்ந்து, நம் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து பாடநூல்களை வரவழைத்து, ஒடியம் தெரிந்தவர்களைக்கொண்டு கற்பித்த முயற்சிகள் 2010-களில் நடந்தன. அது சரியான வழி. அந்தப் பிள்ளைக்கு நாம் தருகிற தமிழ், விளையாட்டும் பாட்டும் அவசரச் சொற்களுமாக இருந்தால் போதும். புத்தகம் அதன் மொழியிலேயே இருக்கட்டும்.

இனி உங்களிடம் கேட்பதைக் கேட்டுவிடுகிறோம். பணம் கேட்கவில்லை. ஒடியம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் எங்களுக்கு உடனே வேண்டும். ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்ட ஒடியக் குடும்பம் எதையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எந்தச் சமயத்தவராயினும் சரி, அறிமுகம் செய்துவையுங்கள். இந்தி தெரிந்தவர்கள் வாரத்தில் ஒரு மாலை வந்து, பிள்ளைகளின் தாய்மாரோடு பேசிக்கொண்டிருந்தால் போதும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முதல் வாரத்தில், சேர்க்கைக்குப் போகும் தாய்க்குத் துணையாகக் கூடப் போக ஆட்கள் வேண்டும். ஒரு முற்பகல் வேலை. எங்கள் பட்டியலில் இப்போது பதினோரு பிள்ளைகள். நான்கு பேருக்குத்தான் துணை அமைந்திருக்கிறது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மூன்று பெண் பிள்ளைகள் மாலை வகுப்புக்கும் வருவதில்லை. அந்தக் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்; மண்டபத்தின் ஒரு மூலையில் தொட்டில் கட்டப் பங்குத்தந்தை இசைந்திருக்கிறார்கள். தொட்டிலாட்ட ஒரு பாட்டி வேண்டும். பழைய சேலைகள் இரண்டும் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் மண்டப வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் எங்களிடம் கொடுக்கலாம்.